கறி உருண்டையும் கொஞ்சம் உருட்டும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கறி அரைப்பதில்லை என்று நான் ஓர் உறுதியான முடிவு எடுத்தேன். படுக்கையில் படுத்தபடி, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு எடுத்த முடிவு. என்னுடைய உறுதியான முடிவுகள் எல்லாமே அந்த இடத்தில்தான் பிறக்கின்றன. போர்வையை விட்டு வெளியே வந்ததும் அவற்றுக்குச் சளி பிடித்துவிடும்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். ஏற்ற இறக்கம் என் தொழில். வீட்டில் இறக்கம் மட்டும். வாரம் முழுக்க யாராவது எங்காவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். ஞாயிறு எனக்கு விடுமுறை. அன்றைக்கு மாட்டிக்கொள்கிறவன் நான். கூப்பிட ஆள் கிடையாது.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். மீசை நரைத்த ஆண்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் எதை வேண்டுமானாலும் மிதிக்கலாம். அவள் மனது வைத்தால்தான் வண்டி நகரும். கத்த மாட்டாள், திட்ட மாட்டாள். "ம்" என்பாள். வண்டி நிற்கும். அந்தப் பிரேக்கைக் காரிலேயே விட்டுவிட்டு வருவாளா என்று கல்யாணத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என் பேரில்தான்.

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறி உருண்டை. கறி உருண்டை என்றால் வீட்டில் செய்தது. வீட்டில் செய்தது என்றால் நான் அரைத்தது. காலையில் எழுந்து கறிக்கடைக்குப் போக வேண்டும். எலும்பில்லாத கறியாகப் பார்த்து வாங்கி, துண்டு போட்டு, சமையல் மேடை ஓரத்தில் கைமிஷினைத் திருகி மாட்டி, மேலே கறியைத் திணித்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அந்த மிஷின் மாமியார் வீட்டிலிருந்து வந்தது. அன்று முதல் நான் கறியை அரைக்கிறேன், அது என்னை அரைக்கிறது. மதியம் வகுப்பு முடித்துவிட்டு மனைவி வருவாள். வெங்காயம், பூண்டு, மிளகுத்தூள், முட்டை, நனைத்துப் பிழிந்த ரொட்டி எல்லாவற்றையும் அளவாகப் போட்டுப் பிசைவாள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் வேலை. கைப்பக்குவம் என்று பெயர் வாங்குவது அதுதான். அப்புறம் உருட்டுவது மறுபடியும் நான். பொரிப்பது அவள். எண்ணெய் தெறிக்கும்போது அவளுக்கு முன்னால் நிற்பது நான்.

சூப்பர் மார்க்கெட்டில் இதே உருண்டை பாக்கெட்டில் கிடைக்கிறது. அரைத்து, உருட்டி, பொரித்து, உறையவைத்து, நம்மை எதிர்பார்த்துக்கொண்டு குளிர்ப்பெட்டியில் படுத்திருக்கிறது. எனக்குக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அதற்குக் கிடைக்கிறது. சூடாக்கினால் போதும், சாப்பிட்டுவிடலாம். இதை மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"அதுக்குள்ள என்ன போட்டிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டுல என்ன போடறோம்னு மட்டும் தெரியுமா? போன வாரம் என் உருண்டையில சட்டைப் பட்டன் இருந்துச்சு."

"அது உங்க பட்டன்தானே. வீட்டுப் பட்டன்."

இதற்குப் பதில் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. ஆனாலும் அவள் அத்தோடு விடவில்லை. தன் அக்கா வீட்டுக்காரரை இழுத்தாள். எங்கள் வீட்டு வாக்குவாதங்களில் கடைசியாக வந்து இறங்குகிறவர் அவர்தான். அதாவது என் சகலை. அவர் ஞாயிற்றுக்கிழமை மனைவியை அடுப்படிப் பக்கமே விடுவதில்லையாம். தன்னந்தனியாக அவரே கறி வாங்கி, அரைத்து, பிசைந்து, உருட்டி, தக்காளிச் சாற்றில் போட்டு இறக்கிவைத்துவிட்டு, சாப்பிட வாம்மா என்று கூப்பிடுவாராம். "அவரும் ஆம்பளதான்" என்றாள். அப்படியானால் நான் யார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லை.

போர்வைக்குள் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். திட்டமும் அங்கேயே உருவானது. பாக்கெட் உருண்டையை வாங்கி வருவது, நான் செய்தது என்று பரிமாறுவது, அவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு முடித்ததும் காலிக் கவரை எடுத்து மேஜைமேல் வைப்பது. பார், வித்தியாசமே தெரியவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் பேசுவது. அதோடு கைமிஷினுக்கு ஓய்வு, எனக்குத் தூக்கம்.

அடுத்த ஞாயிறு, பிசைவதும் பொரிப்பதும்கூட இன்று நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வந்து சாப்பிட்டால் போதும் என்று சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பினேன். என் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாக்கெட் வந்தது. பிரித்துக் கொட்டினேன். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. அச்சில் வார்த்த மாதிரி அழகு. நான் உருட்டினால் ஒன்று எலுமிச்சை மாதிரி இருக்கும், அடுத்தது முழங்கை மாதிரி இருக்கும். ஆகவே உட்கார்ந்து அழகைக் கெடுத்தேன். ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கினேன். ஒன்றின் ஓரத்தைக் கிள்ளினேன். இரண்டை ஒட்டவைத்தேன். ஒன்று ரொம்பப் பிடிவாதமாக இருந்தது, அதன்மேல் தட்டை வைத்து அழுத்தினேன். எல்லாவற்றையும் தக்காளிச் சாற்றில் போட்டு மூடினேன். என் கைவண்ணம் அப்படியே வந்துவிட்டது.

மனைவி வந்து உட்கார்ந்தாள். காலிக் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானும் எதிரே உட்கார்ந்தேன். அவள் ஒன்றைச் சாப்பிட்டாள். நிறுத்தினாள். இன்னொன்றைப் பிட்டு உள்ளே பார்த்தாள். அதையும் சாப்பிட்டாள். என் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது.

"என்னங்க," என்றாள், "அச்சு அசல் அக்கா வீட்டுக்காரர் செய்யறது மாதிரியே இருக்கு."

என் கை நின்றுவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் ஒருமுறை என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். அதற்கப்புறம் பாராட்டு என்று எதுவும் அவள் வாயிலிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை. எத்தனையோ வருஷமாக என் தலையில் உட்கார்ந்திருந்த சகலைக்குச் சமமாக, ஒரே வாக்கியத்தில், என்னைத் தூக்கி வைத்துவிட்டாள். சட்டைப் பையில் இருப்பது ஒரு வாக்குவாதத்தில் கிடைக்கப்போகும் வெற்றி. காதில் விழுந்தது பாராட்டு. எது பெரிது? பைக்குள் போன கை கைக்குட்டையோடு வெளியே வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏதோ எனக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணினேன்" என்றேன். குரலில் அடக்கம் வேறு.

மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் சமையல். வாங்கின உருண்டையை வீட்டில் செய்ததாகக் காட்டுவது, வீட்டில் செய்வதைவிடப் பெரிய வேலை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். காலையில் எழுந்து கறிக்கடைப் பக்கம் போவதுபோல் போய், சந்தில் திரும்பி, சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். பாக்கெட்டை லிஃப்ட் சாமான் பைக்குள், திருகுகளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் அடியில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். வாசனைக்காக வெங்காயம் நறுக்கி வதக்க வேண்டும். வதக்கிய வெங்காயத்தை யாருக்கும் தெரியாமல் நானே தின்ன வேண்டும். சுத்தமான பாத்திரங்களை எடுத்து அழுக்காக்கி, பிறகு கழுவ வேண்டும். கீழ் வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் காது கூர்மை. மிஷின் சத்தம் கேட்கவில்லை என்றால் படியிலேயே என் மனைவியை நிறுத்தி விசாரிப்பார். ஆகவே வெறும் மிஷினை மாட்டி, உள்ளே ஒன்றும் இல்லாமல், கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருப்பேன். கறி இருந்தபோதாவது எப்போது முடியும் என்று தெரியும். காற்றை அரைத்தால் எங்கே நிறுத்துவது?

மனைவிதான் பாவம், ஒன்றும் தெரியாமல் வந்து சாப்பிடுவாள். "அப்படியே அவர் செய்யறது மாதிரியே" என்பாள். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உப்புகூட ஒரு துளி மாறவில்லையே என்று ஒருநாள் ஆச்சரியப்பட்டாள். கைப் பழக்கம் என்றேன். வகுப்பு இல்லாத ஞாயிறுகளில் அவள் பதினொரு மணிவரை தூங்கவும் ஆரம்பித்திருந்தாள். யாருக்காகப் போட்ட திட்டம், யார் தூங்குகிறார்கள் பாருங்கள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், காய் நறுக்கிக்கொண்டே அந்தக் குண்டைப் போட்டாள். ஞாயிறு அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் வருகிறார்கள். அவர்களை அவளே கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு வகுப்பும் இல்லை, அக்காவுக்கு டியூட்டியும் இல்லை. சகலைகள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் சமையலறையில் கறி உருண்டை செய்யப் போகிறோம்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்றேன்.

"ஆமா. ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கே. யார்கிட்டேருந்து யார் கத்துக்கிட்டீங்கன்னு பாக்கணும்னு அக்காவுக்கு ஆசை."

அதற்குப் பிறகு எனக்கு இரவில் தூக்கம் இல்லை. ஒரு கலைஞனின் முன்னால் நான் எப்படி நிற்பேன்? நான் மிஷினில் காற்றை அரைத்தால் அவர் கண்டுபிடித்துவிட மாட்டாரா? கடைசியில் ஒரே வழிதான் தோன்றியது. எப்படியாவது சகலையைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். வழக்கம்போல பாக்கெட்டை வாங்கி, சாமான் பையின் அடியில் மறைத்து, பையைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சகலை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஆறு நடைமேடைக்கும் கேட்கிற குரல். வீட்டில் உப்பு கேட்டால்கூட ஏதோ வண்டி தாமதம் என்று தோன்றும். அவருடைய பெரிய குறை, அவருக்குக் கிசுகிசுக்க வராது. மைத்துனி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மருத்துவமனையில் தலைமை நர்ஸ். யார் வந்து உட்கார்ந்தாலும் நாடி பிடிப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். பொய் சொல்கிறவனுக்குக் காய்ச்சல் அடிக்கும்.

சகலை ஒரு பெரிய துணிப்பையோடு உள்ளே வந்தார். மைத்துனி அதை வாங்கி வைக்கக் கை நீட்டினார். "வேண்டாம். அதில் என் சமையல் சாமான்கள் உள்ளன. யாரும் தொட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்" என்று அறிவித்துவிட்டு, தானே கொண்டுபோய் என் சாமான் பைக்குப் பக்கத்தில் வைத்தார். கலைஞர்கள் தங்கள் கருவிகளோடு வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காபி குடித்து முடித்ததும் என் மனைவி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அக்கா வீட்டுக் காரின் பின்சக்கரத்தில் காற்று குறைவாகத் தெரிகிறதே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். நாங்கள் இருவரும் இறங்கிப் போனோம். எங்கள் இருவருக்கும் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை ஓட்டி வந்தது அக்காதான். சகலை சக்கரத்தை ஒரு உதை விட்டார். நானும் ஒரு உதை விட்டேன். அவர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. மேலே வந்து அப்படியே சொன்னோம். அப்படியா, நிழலாக இருக்கும் என்றாள் என் மனைவி. மைத்துனி எங்களைச் சமையலறைக்குள் அனுப்பி, ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்துவதுபோல் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

உள்ளே நானும் சகலையும். எதிர் மூலையில் இரண்டு பைகள்.

நீங்கள் விருந்தாளி, ஹாலில் போய் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதெப்படி, இது உங்கள் வீடு, நீங்கள் போய்ப் பெண்களோடு பேசிக்கொண்டிருங்கள், எல்லாவற்றையும் நான் முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் அவர். உங்கள் சட்டை அழுக்காகிவிடும் என்றேன். உங்கள் கை வலிக்கும் என்றார். இப்படிப் பாசத்தோடு ஒருவரை ஒருவர் வெளியே தள்ளிப் பார்த்தோம். இரண்டு பேரும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் நான் மிஷினை மாட்டினேன். அவர் வெங்காயம் நறுக்கினார். நான் மாட்டின மிஷினைக் கழற்றித் துடைத்தேன். அவர் நறுக்கின வெங்காயத்தை இன்னும் பொடியாக நறுக்கினார். கறி எங்கே என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கறி உருண்டை செய்ய வந்த இரண்டு பேரில் ஒருவர்கூடக் கறி எங்கே என்று கேட்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். சகலை அழுதுகொண்டிருந்தார். வெங்காயம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சகலை," என்றார் அவர், தன்னால் முடிந்த மிகச் சின்னக் குரலில். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. "எனக்குக் கறி உருண்டை செய்யத் தெரியாது."

"மெதுவா பேசுங்க."

"மெதுவாத்தான் பேசறேன். எல்லாம் சூப்பர் மார்க்கெட் பாக்கெட். கல்யாணமான முதல் வருஷத்திலேருந்து. உங்க அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை டியூட்டி. அவ திரும்பி வர்றதுக்குள்ள தக்காளிச் சாத்துல போட்டு மூடிடுவேன். நீங்கதான் நிஜமாவே அரைச்சுச் செய்யறீங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கல."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக என் தலையில் உட்கார்ந்திருந்தவர் என் தோளில் சாய்ந்து விசும்பினார். நானும் அதே பாக்கெட்தான் என்றேன். எந்த நிறக் கவர் என்றார். பச்சை என்றேன். அவரும் பச்சைதான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அச்சு அசல் அவர் செய்வது மாதிரியே இருக்கிறது என்று என் மனைவி வாராவாரம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அது பாராட்டும் இல்லை.

அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. அழகைக் கெடுக்கும் வேலையைப் பற்றிச் சகலையிடம் கேட்டேன். அமுக்கக் கூடாது, வெடிப்பு விடும், மாவில் புரட்டி மறுபடியும் லேசாகப் பொரித்தால் வடிவம் தானே கெடும் என்று சொல்லிக்கொடுத்தார். அனுபவசாலி. இரண்டு பாக்கெட்டையும் சேர்த்துச் சூடாக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரம் இங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் கண்ணயரலாம் என்றும் பேசிக்கொண்டோம். ஆளுக்கொரு பையைத் திறந்தோம்.

என் பையில் திருகுகள் இருந்தன. கிரீஸ் டப்பா இருந்தது. அதற்கடியில், வாழைத்தார் மாதிரி கனத்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். பச்சைக் கறி. எலும்போடு. சகலை தன் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். அதுவும் கறிதான். கூடவே ஒரு முழுப் பூண்டும், நேற்று வாங்கிய ரொட்டியும், துணியில் பத்திரமாகச் சுற்றிய முட்டைகளும் இருந்தன. இரண்டு பொட்டலத்திலும் சணல் கயிற்றில் ஒரே மாதிரி முடிச்சு. எங்கள் கறிக்கடைக்காரர் போடும் முடிச்சு அது. அவர் போன மாதம்தான் என் மனைவியிடம் கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஏன் கடைப்பக்கம் வருவதே இல்லை என்று அவர் கியர் மாற்றிக்கொண்டே கேட்டிருப்பார். அவள் "ம்" என்றிருப்பாள்.

சக்கரத்தில் காற்று குறைந்த மர்மமும் விளங்கியது.

"நம்ம பாக்கெட்டை யாரோ எடுத்துட்டாங்க" என்றார் சகலை. முகத்தில் ஈயாடவில்லை.

"கேளுங்க போய்."

"என்னன்னு கேக்கறது?"

அதுதான் விஷயம். என்னவென்று கேட்பது? திருட்டுப் போனது நிஜம். யார் எடுத்தார்கள் என்றும் தெரியும். ஆனால் புகார் கொடுக்க வேண்டுமானால் என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். கதவை மெல்லத் திறந்து பார்த்தேன். ஹாலில் அக்காவும் தங்கையும் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தலையைத் தூக்காமலே, எல்லாம் இருக்கிறதா, ஏதாவது வேண்டுமா என்றாள். எல்லாம் இருக்கிறது என்றேன். கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம்வரை நாங்கள் பட்டதை விவரமாகச் சொன்னால் உங்களுக்கு என்மேல் இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். எலும்பை எடுக்கச் சகலைக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை. நான் ஸ்பேனரை எடுத்தேன். மிஷினில் நரம்பு சிக்கிக்கொண்டது. லிஃப்ட் மோட்டாரைப் பிரிப்பதுபோல அதை முழுசாகப் பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டினேன். அரைத்தோம். என் தோள்பட்டை விட்டுப்போனதும் அவர் சுற்றினார். அவர் கை கொப்பளித்ததும் நான் சுற்றினேன். என் கையும் கொப்பளித்தது. பிசைவது கண்மூடித் திறக்கும் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். உப்பு போட்டோமா இல்லையா என்றே எங்களுக்குள் சண்டை வந்தது. முதலில் போட்ட உருண்டைகள் எண்ணெயில் விழுந்ததும் உதிர்ந்து மணலாகிவிட்டன. சகலை அவற்றைக் குனிந்து பார்த்து, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ரொட்டியும் முட்டையும் சேர்த்தோம். அப்போது நின்றது. ஒன்று எலுமிச்சை மாதிரி, அடுத்தது முழங்கை மாதிரி. தக்காளிச் சாற்றில் போட்டு, கொதித்து, மணம் வந்தபோது நாங்கள் இருவரும் அடுப்புக்கு முன்னால் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நின்றோம். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். பொய் சொல்லவில்லை, நன்றாக இருந்தது. பாக்கெட்டைவிட நன்றாக இருந்தது. சகலை சாப்பிட்டார். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததே எனக்குப் பெரிய சான்றிதழ்.

தட்டை நானே ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனேன். முன்னாலே நடந்தேன். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்ற நிமிர்வு. பெண்கள் இருவரும் அவ்வளவு பசியில் இருப்பதாகத் தெரியவில்லை. மைத்துனி கைக்குட்டையால் உதட்டோரம் துடைத்துக்கொண்டிருந்தார். பால்கனியில் என் மனைவி காபிக்கு வைத்திருக்கும் சின்ன அடுப்பும் வாணலியும் ஈரமாகக் கவிழ்ந்திருந்தன. எனக்கு நன்றாகப் பழகிய அந்தப் பாக்கெட் மிளகு வாசனை அங்கே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ருசித்துப் பார்க்கட்டும், வித்தியாசம் தெரியும்.

என் மனைவி ஓர் உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா ஒரு துணுக்கை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நோயாளியின் சொந்தக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லும் முகத்தோடு தலையை அசைத்தார்.

"இது கடையில வாங்கினது" என்றாள் என் மனைவி.

எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பேன். கொப்பளித்த கையைப் பார்த்தேன், மிஷினில் மாட்டிக் கிழிந்த சகலையின் சட்டையைப் பார்த்தேன். நியாயம் முழுக்க என் பக்கம் இருப்பதை என் வாழ்க்கையில் முதல்முறையாக உணர்ந்தேன். அந்த வேகத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதப் பாரு. கொப்பளத்தப் பாரு. கடையில வாங்கினா கை இப்படி இருக்குமா? அக்கா, நீங்க சொல்லுங்க. சகலை, நீங்க சொல்லுங்க. சத்தியமாச் சொல்றேன், இன்னிக்குத்தான் எங்க கையாலயே அரைச்சு, எங்க கையாலயே உருட்டி, எங்க கையாலயே செஞ்சோம்."

சகலை கண்களை மூடிக்கொண்டார்.

என் மனைவி என் கையைப் பிடித்து, கொப்பளத்தை ஒரு பார்வை பார்த்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"இன்னிக்குத்தானா?" என்றாள்.